கத்திரி வெயிலில் பனி கடித்த கோழிகள்

செலஸ்டினா புறவாசல் வேப்பமரத்து நிழலில் குத்தவைத்து, அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, சட்டி நிறையக் கிடந்த சாளை மீனைச் செதில் உரசி, தலை கிள்ளி, குடல் உருவி ஓரமாய் எறிந்துகொண்டிருந்தாள். அந்தக் குடலுக்காக அவளைச் சுற்றி முண்டியடித்த கோழிகளில் சாம்பல் நிறக் கோழி ஒன்று, மற்றதெல்லாம் எட்டுவதற்குள் தான் எட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில், தன் தாடியை அவள் மணிக்கட்டில் உரசிக்கொண்டு பாய்ந்தது. கத்திரி வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்த அந்த முற்பகல் நேரத்தில், உரசின இடம் மட்டும் ஐஸ் கட்டியை வைத்து எடுத்தது மாதிரி விறைத்துப்போனது.

அவள் கத்தவில்லை. கத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கோழியைப் பிடித்து மடியில் வைத்து அலகை நிமிர்த்திப் பார்த்தாள். அலகுக்குக் கீழே ரெண்டு பக்கமும் தொங்குகிற சிவப்புத் தாடி, முந்திரிப்பழம் மாதிரி உப்பிக் கனத்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற சிலுவைக்கல் தெருவில் வெள்ளையாய் எது பூத்தாலும் அது உப்புதான் என்பதால், அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பில்லை. வெறும் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர்.

அது பத்தோடு பதினொன்றான கோழி அல்ல. செலஸ்டினாவின் மகள் ஜோஸி, மூணு வயசு, சோறு கொடுத்தால் துப்பினாள், கஞ்சி கொடுத்தால் துப்பினாள், இந்தச் சாம்பல் கோழி இட்ட முட்டையை மட்டும் அவித்து உரித்துக் கொடுத்தால் ரெண்டு கையாலும் பிடித்துத் தின்றாள்; வேறு கோழி முட்டையைக் கொடுத்து ஏமாற்றலாம் என்றால் மோந்து பார்த்து மூஞ்சியைத் திருப்பினாள். பால்வாடியில் எடை போட்ட அக்கா, "பிள்ள இன்னும் எறங்குச்சுன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிருவேன் பாத்துக்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கோழி விழுந்தால் முட்டை போகும், முட்டை போனால் பிள்ளை போகும். இந்தக் கணக்குக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்பே அவளுக்குப் போதும்.

அதனால் அவள் காரணம் தேடத் தொடங்கினாள். சேவல் கொத்தியிருக்குமோ என்று சேவலைக் கூடையில் கவிழ்த்துப் போட்டாள்; தாடியில் காயமும் இல்லை, வீக்கமும் இறங்கவில்லை. கொசுவோ என்று வேப்பிலைப் புகை போட்டாள். கொசு கடித்திருந்தால் கொண்டையிலும் கடித்திருக்குமே, கொண்டை கல்யாணப் பெண் மாதிரி சிவந்து நின்றது. அம்மையோ என்று தடவினாள், பொருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சளியோ என்று மூக்குப் பக்கம் மோந்தாள், நாற்றமில்லை, கண்ணில் பீளை இல்லை. பூனை பிறாண்டினதா, எலி கடித்ததா என்று இறகை விலக்கி விலக்கிப் பார்த்தாள். எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டோடு கிடந்து வலை பொத்திக்கொண்டிருந்த அவள் புருஷன் ரெக்ஸன், "ஏட்டி, நா காய்ச்சல்ல கெடந்தப்ப நீ என்னைய இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கலியே" என்றான்.

"ஒங்களுக்குத் தாடி வீங்கலியே," என்றாள் அவள், மெதுவாக, கோழியைப் பார்த்து.

அடுத்த வீட்டுக் கோழிக்கும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டுக்கும் அப்படித்தான் என்று ரெண்டொரு நாளில் தெரிந்தது. தெருக்கோழி அத்தனைக்கும் தாடி உப்பி, உப்பினதில் குளிர் ஏறி, ஓரத்தில் பனி பூத்தது. ஆனால் சிலுவைக்கல் தெரு அதைக் கண்டு வாயைப் பிளக்கவில்லை. அந்த வெயிலில் வாயைப் பிளந்தால் நாக்கு காய்ந்துவிடும். கரண்டு போன மத்தியானங்களில் ஆம்பிளைகள் ஆளுக்கொரு கோழியை நெஞ்சில் கிடத்திக்கொண்டு சீட்டாடினார்கள். கடைக்கார பெர்னாந்து ஒரு சேவலைச் சோடாப் பாட்டில்களுக்கு நடுவில் கட்டிப்போட்டார், குடிக்க வந்தவர்கள் சேவலுக்கு வலப்பக்கத்துப் பாட்டில் வேண்டும், இடப்பக்கத்துப் பாட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். மீன் விற்கிற சந்தனம் மாமி ஐஸ் வாங்குவதை நிறுத்திவிட்டு, கூடைக்குள் மீனுக்கு நடுவில் ரெண்டு பெட்டையை உட்காரவைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள், கோழி மீனைத் தின்னாதா என்று கேட்டவர்களிடம், "அதுக்கு வாய் வெறச்சிப் போச்சுய்யா, நா கெட்டி வச்சிருக்கேன்னா நெனைக்கிய" என்றாள். பால் பாக்கெட்டைக் கோழிக்குக் கீழே வைத்தால் மறுநாள் வரைக்கும் திரியவில்லை, பிச்சிப்பூவை வைத்தால் வாடவில்லை, காய்ச்சல் பிள்ளைகளுக்கு நெற்றியில் ஈரத்துணிக்குப் பதிலாகக் கோழி. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் உட்காருகிற வரிசைக்கு அடியில் கூடை கூடையாய்க் கோழியை வைத்து, "ஏசி போட்டுருக்காவ பாருங்க" என்று பெண் வீட்டார் பெருமையாய்ச் சொல்ல, மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியைத் தூக்கிக் கால் நடுவே பார்த்துவிட்டு, பரவாயில்லை, நல்ல ஜாதிக் கோழிதான் என்றார்.

தாடி நுனி கறுத்துக்கொண்டு வந்ததை யாரும் பார்க்கவில்லை. கோழிகள் கழுத்தைத் தூக்க மாட்டாமல், யாரிடமோ திட்டு வாங்கினது மாதிரித் தலையைத் தொங்கப்போட்டு நடந்ததை யாரும் பார்க்கவில்லை. செலஸ்டினா பார்த்தாள். சாம்பல் கோழி முட்டை இட்டால் முட்டை ஓட்டுக்குள் மஞ்சள் கரு கட்டியாய் உறைந்திருந்தது. ஜோஸி கடித்துப் பார்த்துவிட்டுப் பல் கூசி அழுதாள்.

அவள் கோழியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாலு பேர் நிற்கிற இடத்தில் அவளுக்கு வாய் வராது, எல்லாரும் போகட்டும் என்று கடைசி வரைக்கும் சுவரோரம் நின்றாள். டாக்டர் நாச்சியாரம்மா பெரிய கைகளும் பொறுமையான குரலும் உள்ளவள். கோழியின் தாடியைத் தொட்டவள் கையை எடுக்காமல் அப்படியே யோசித்தாள்.

"ஒரு கோழிக்கா, நெறைய கோழிக்கா?"

"தெருவுல எல்லாத்துக்கும்."

"அய்யோ. தெரு பூராத் தாடி வீங்குச்சுன்னா சும்மா விட முடியாது தாயி. பறவைக் காய்ச்சலும் இப்படித்தான் வரும், இன்னும் என்னென்னமோ வரும்." அவள் அலகைத் திறந்து பார்த்தாள், இமையை இழுத்துப் பார்த்தாள், பஞ்சால் தொண்டையைத் துடைத்துக் குப்பியில் போட்டாள். "ஆனா இது அது மாதிரி இல்ல. இது பனி கடிச்ச மாதிரி இருக்கு. பனி கொட்டுற தேசத்துல கோழிக்கு வரும்னு படிச்சிருக்கேன். அங்கயும் மொதல்ல கொண்டைதான் கறுக்கும், அதுதான மேல நிக்குது. இதுக்குக் கொண்டை செம்பருத்தியா இருக்கு, தாடிக்கு மட்டும் எப்படி? எனக்கே புரியலம்மா." பிறகு, சொல்லப் பிடிக்காததைச் சொல்கிறவள் மாதிரி, "சனிக்கிழமை நான் ஒங்க தெருவுக்கு வருவேன். வீக்கம் எறங்கியிருக்கணும், இல்ல என்ன காரணம்னு தெரிஞ்சிருக்கணும். ரெண்டும் இல்லன்னா எல்லாக் கோழியையும் சாக்குல போட்டுப் பொதைக்கச் சொல்லி நான் எழுதித்தான் ஆகணும்" என்றாள்.

தாடிக்கு மட்டும் எப்படி? இந்த ஒரு கேள்வியைச் செலஸ்டினா வாய்க்குள் மிட்டாய் மாதிரி உருட்டிக்கொண்டே வீடு வந்தாள். மறுநாள் சோறு வடித்துவிட்டு ஜோஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாம்பல் கோழி போகிற இடமெல்லாம் பின்னால் போனாள். இரை பொறுக்கும்போது அலகு மட்டும் தரையைத் தொட்டது. மண்ணில் புரளும்போது மண் உடம்பெல்லாம் ஒட்டியது. சாயங்காலமாய்க் கோழி தெருமுனைக் குழாயடிக்குப் போய், குழாய்க்குக் கீழே கிடக்கிற கல்தொட்டியில் குனிந்து குடித்தது; குடித்தபோது கொண்டை நனையவில்லை, கண் நனையவில்லை, ரெண்டு தாடியும் முழுசாய்த் தண்ணீருக்குள் முங்கி எழுந்தன. முங்கி எழுந்த இடத்தில் பனி பூத்தது.

அவள் தொட்டியில் கையை விட்டாள். விட்ட கையை வெளியே எடுக்க ஒரு மூச்சு தேவைப்பட்டது.

அந்தத் தொட்டியில் யார் கை வைக்கிறார்கள் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தெருப் பெண்களில் பாதிப் பேர் இறால் கம்பெனியில் தலை கிள்ளுகிற வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் வேன் தெருமுனையில் இறக்கிவிட்டதும், வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முந்தி, பிள்ளையைத் தூக்குவதற்கு முந்தி, அத்தனை பேரும் தொட்டியைச் சுற்றி நின்று கை கழுவுவது வழக்கம். இறால் நாற்றம் போக என்று சொல்வார்கள். சிரித்துக்கொண்டும் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டும் கை கழுவுவார்கள், கழுவி முடித்ததும் முகம் தெளிந்து வீட்டுக்குப் போவார்கள்.

அன்றைக்கு வேன் வந்தபோது செலஸ்டினா தொட்டியோரம் நின்றாள். முதலில் வந்தவள் ரெக்ஸனின் அக்கா ரூபவதி, தெருவிலேயே பெரிய தொண்டைக்காரி.

"என்னட்டி, கோழிக்குக் காவலா?"

"மதினி, ஒங்க கையக் குடுங்க."

"எதுக்கு? சோசியம் பாக்கப் போறியா?"

"குடுங்க மதினி."

ரூபவதி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். செலஸ்டினா அதைத் தன் ரெண்டு கைக்குள்ளும் பொதிந்து பிடித்தாள். ஐஸ் அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற காற்று மாதிரி அந்தக் கையிலிருந்து குளிர் கிளம்பி அவள் முழங்கை வரைக்கும் ஏறியது. ரூபவதியின் சிரிப்பு நின்றுபோனது.

"எம்புட்டு நாளா மதினி?"

"சும்மா இருட்டி."

"சொல்லுங்க."

ரூபவதி திரும்பிப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தாள். "புதுசா ஒரு ரூமு போட்டுருக்காவ. அதுக்குள்ள நின்னு பொட்டி அடுக்கணும். அன்னைலருந்து கையவிட்டுப் போக மாட்டேங்குது. இங்க கழுவுனா எறங்கிருது. எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சி நா யாருட்டயும் சொல்லல, கை வழங்காதவன்னு வேலைய விட்டு நிறுத்திருவாவல்லா?"

"எனக்குந்தான் அக்கா," என்றாள் பின்னால் வந்தவள். "எனக்கும்," என்றாள் இன்னொருத்தி. தொட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள், பிறகு அடுத்தவள் கையைப் பார்த்தார்கள். இத்தனை நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, தன் குளிர் தனக்கு மட்டும் என்று ஒருத்திக்கொருத்தி மறைத்து, ஒரே தொட்டியில் இறக்கியிருந்தார்கள். அதைக் கோழிகள் தாடி தாடியாய்ச் சுமந்துகொண்டு போயிருந்தன.

காரணம் தெரிந்ததும் தெரு செலஸ்டினாவைத் தூக்கிக் கொண்டாடவில்லை. "கத்திரி முடியட்டும்டி, அதுக்கப்புறம் காரணம் கண்டுபிடி" என்றார் பெர்னாந்து. "எம் மீனுக்கு ஐஸ் நீ வாங்கித் தருவியா?" என்றாள் சந்தனம் மாமி. தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் கோழி பிழைத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஒரு நாள் கவிழ்த்தும் பார்த்தார்கள். அன்று கை கழுவாமல் வீட்டுக்குப் போன ரூபவதி அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்ததும் தீக்குச்சி நெருப்பு சுருங்கி அணைந்தது, குளிர் தோள் வரைக்கும் ஏறியது, பால் குடிக்கிற பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையைத் தொட மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் தொட்டியை நிமிர்த்தி வைத்தார்கள். குளிரை ஏதாவது ஓர் இடத்தில் இறக்கத்தான் வேண்டும். இந்தத் தெருவில் இறக்கினால் அது கோழிக்குப் போகும், கோழிக்குப் போனால் சனிக்கிழமை சாக்கு வரும்.

"அது எங்கருந்து வந்துச்சோ அங்கயே விட்டுட்டு வாங்களேன்," என்றாள் செலஸ்டினா. அவள் அதைக் குழாயைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது.

"உள்ள கழுவ உடமாட்டாவடி. தண்ணிக்கு அளவு."

"அப்ப வெளிய. கேட்டு வாசல்ல."

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் செலஸ்டினா ஜோஸியை ரெக்ஸனிடம் விட்டுவிட்டு, பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வழியில் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று தலையை நிமிர்த்தாமலே நடந்து கம்பெனி வாசலுக்குப் போனாள். வேலை முடிந்து வந்தவர்கள் வேனில் ஏறாமல் வரிசையாய் நின்று கை கழுவினார்கள். தண்ணீரைக் கேட்டுக்கு அடியில் ஊற்றினார்கள். மறுநாளும் ஊற்றினார்கள், அதற்கு மறுநாளும். தண்ணீர் காயாமல் வெள்ளையாய் இறுகி, இரும்பு உருளையைப் பிடித்து, தாழ்ப்பாளில் ஏறி, கம்பி கம்பியாய்ப் படர்ந்தது. காவல்காரர் டீயை ஊற்றிப் பார்த்தார், டீ தாழ்ப்பாளிலேயே பழுப்பாய் உறைந்து நின்றது. அவர் அதைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு நல்லாத்தான் இருக்கு என்றார்.

சனிக்கிழமை காலையில் நாச்சியாரம்மா தெருவுக்கு வந்தாள். கூடவே சாக்குகளும் வந்தன, ஆனால் அவை வண்டியை விட்டு இறங்கவில்லை. அவள் வீடு வீடாய்ப் போய்த் தாடி தாடியாய்த் தொட்டுப் பார்த்தாள். சாம்பல் கோழியின் தாடி சுருங்கி, கறுத்த நுனி உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாய்ச் சூடு ஓடியிருந்தது. "எறங்கிட்டு இருக்கு. லேபுக்கு அனுப்புன பஞ்சுலயும் கிருமி இல்லன்னு வந்துருக்கு," என்றாள். செலஸ்டினா சொன்னதை முழுசாய்க் கேட்டுவிட்டு, தன் பெரிய கைகளைத் தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "மறுபடி ஏறாமப் பாத்துக்க தாயி. ஏறுச்சுன்னா என் கையில இல்ல."

அவள் போன கையோடு கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். கேட்டு அசையவில்லை, சரக்கு ஏற்றின லாரிகள் உள்ளே நிற்கின்றன, மேனேஜர் பேச வேண்டும் என்கிறார். தண்ணீர் ஊற்றுகிறதை நிறுத்த வேண்டுமாம். எல்லாரும் கத்தாமல் யாராவது ஒருத்தி உள்ளே வந்து பேசட்டுமாம்.

அந்த ஆளோடு போய்க் கேட்டு வாசலில் கூட்டமாய் நின்ற பெண்கள், சூப்பர்வைசரை வாய் நிறையத் திட்டுகிற பெண்கள், அத்தனை பேரும் சேர்ந்து, கூடவே வந்திருந்த செலஸ்டினாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நா அங்க வேலையே பாக்கலியே மதினி," என்றாள் அவள், நைட்டிமேல் கிடந்த துண்டின் நுனியை வாயருகே கொண்டுபோய்.

"அதான்டி நீ. ஒன்ன அவன் எந்த வேலைலருந்து தூக்குவான்?" என்றாள் ரூபவதி.

பெரிய கேட்டுக்குள் ஆள் நுழைகிற சின்னக் கதவைக் காவல்காரர் அடுப்புக்கரி வைத்து இளக்கிக்கொண்டிருந்தார்; அது இளகுகிற வரைக்கும் அவளுக்கு நேரம் இருந்தது. அவள் சுவரோரம் போய் நின்று, சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்லிப் பார்த்தாள். ஐயா, எங்க தெருக் கோழிக்குத் தாடி வீங்கினதுக்குக் கொசு காரணமில்ல, கொத்து காரணமில்ல, காய்ச்சலும் இல்ல. ஒங்க புது ரூமுதான். இவங்க கை கழுவ உள்ளயே வெந்நி வேணும், கிழியாத கையுறை வேணும், நடுநடுவுல வெளிய வந்து கையக் காயவைக்க நேரம் வேணும். அதெல்லாம் வார வரைக்கும் இங்கதான் கழுவுவாங்க, ஒங்க கேட்டு திறந்தாலுஞ் சரி, திறக்காட்டியுஞ் சரி. இந்தக் கடைசிப் பேச்சை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, கடைசி வரைக்கும் தன் வாய் திறந்திருக்குமோ என்னவோ என்று அவள் முடிவு செய்தாள். அவர் சத்தம் போட்டால் என்ன செய்ய, சிரித்தால் என்ன செய்ய என்றும் யோசித்து, சிரித்தால் தன் கையை அவர் கையில் வைத்துவிட வேண்டியது, அத்தனை பேர் கையையும் பிடித்துப் பார்த்த கை, அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து, துண்டை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டி செலஸ்டி! கதவு இளகிருச்சி, ஒன்னத்தான் கூப்பிடுதாவ, வா!" என்று ரூபவதி கூவ, "இந்தா வாரேன் மதினி" என்று லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற குரலில் சொல்லிவிட்டுச் செலஸ்டினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பனி பூத்திருந்த அந்தச் சின்னக் கதவில் கையை ஊன்றித் தள்ளி உள்ளே நுழைந்தாள்.